புத்தகத்துக்குள் வைத்த குருத்தோலை

அக்கா,

புத்தகத்தை விரித்தால் இன்னும் வெங்காய வாடை அடிக்கிறது. ஒரு வருஷமாக மாவு டப்பாக்களுக்குப் பக்கத்தில் கிடந்து, ரோட்டில் போகும் சிமெண்ட் லாரிகளின் புழுதியையும் குடித்திருக்கிறது. இருந்தும் நடுவில் எங்கே திறந்தாலும் சின்ன வெங்காயத்தின் காரம் மூக்கில் ஏறுகிறது. அட்டையில் உங்கள் கட்டைவிரல் பதிந்த எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. இந்தத் தவக்காலம் முழுவதும் அந்தக் கறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். ஆண்டவர் மேல் பாதி, உங்கள் மேல் பாதி.

நான் இந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்தபோது நீங்கள் இங்கே பழகித் தேர்ந்த மூத்த மருமகள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே அடுப்பு. எப்போது சண்டை வரும், எப்போது தனி அடுப்பு வைப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். சண்டை வரத்தான் செய்தது. ஆனால் நகைக்கோ பாத்திரத்துக்கோ வரவில்லை, புத்தகத்துக்கு வந்தது.

"குடு புள்ள, நான் மொதல்ல படிச்சுட்டுத் தரேன்."

"நீங்க முடிக்கறதுக்குள்ள அடுத்த பொங்கல் வந்துடும்க்கா."

"அப்ப ஒண்ணு பண்ணுவோம். ஒருத்தி படிக்கட்டும், ஒருத்தி வேலையப் பாக்கட்டும். கதையும் நடக்கும், கொழம்பும் கொதிக்கும்."

அன்றிலிருந்து நீங்கள் படித்தீர்கள், நான் உரித்தேன். நானும் ஒருநாள் ஆசைப்பட்டு ஒரு பக்கம் படித்துக் காட்டினேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "நீ படிச்சா ரேஷன் கடையில பேரு கூப்புடறாப்ல இருக்கு புள்ள. வெங்காயத்தையே உரி." அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. உங்கள் பங்கு வேலையையும் சேர்த்து என் கை செய்தது. உங்கள் குரலுக்கு அது ஈடுதான். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கிற அதே குரலில், கிழவனுக்குக் கிழவனாகவும் குழந்தைக்குக் குழந்தையாகவும் மாறி மாறிப் பேசுவீர்கள். குன்னம் பக்கத்துக் கொல்லையில் நம் வீட்டுக்காரர்கள் போட்ட வெங்காயம் மூட்டை மூட்டையாக வரும். அதை உரித்துக்கொண்டே நான் எத்தனை கதைகளுக்கு அழுதிருப்பேன்! அத்தை எட்டிப் பார்த்து, "என்னடி ரெண்டு பேரும் அழுவறீங்க?" என்று கேட்பார். "வெங்காயம் அத்தை" என்று நீங்கள் அலட்டிக்கொள்ளாமல் சொல்வீர்கள்.

"நீ"ன்னே கூப்பிடு என்று எத்தனையோ முறை சொன்னீர்கள். எனக்கு வரவில்லை. இப்போதும் வரவில்லை, பாருங்கள்.

தவக்காலம் வந்தால் மட்டும் நம் வாசிப்புக்கு ஆபத்து வந்துவிடும். அத்தைக்கு அது தவசு காலம். வீட்டில் கறி கிடையாது, மீன் கிடையாது, டிவி கிடையாது. வெள்ளிக்கிழமை ஒருவேளைச் சோற்றோடு ஒருசந்தி, சாயங்காலம் சிலுவைப்பாதை. "தவசு நாள்ல கதப்பொஸ்தகம் என்னத்துக்கு? ஆண்டவரு பாடுபட்டாரு, நீங்க கத கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க!" என்று அத்தை சத்தம் போட, நீங்கள் ஒரு சொல்லில் அடக்கினீர்கள்: "ஆண்டவரே ஊரு ஊரா கத சொன்னவருதான அத்தை!" கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. முதலில் அன்றைய நற்செய்தி, அதற்குப் பிறகு கதை. நற்செய்தி முடியும்வரை அத்தையும் வந்து வாசற்படியில் உட்காருவார். கதை ஆரம்பித்த பிறகும் ஏதோ மறந்துவிட்டவர் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

போன வருஷம் சாம்பல் புதனன்று, தவமுயற்சியாக எதை விடப்போகிறாய் என்று கேட்டீர்கள். கறியை விடுகிறேன் என்றேன். "கறிய அத்தை ஏற்கெனவே விட வச்சாச்சு. நீ கடைசிப் பக்கம் பாக்கறத விடு" என்றீர்கள். திருடியைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது எனக்கு. எந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடுவேன் என்பது உங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. முடிவு தெரியாமல் என்னால் இருக்க முடியாது. நீங்களோ நேர் எதிர். கதையை முன்னால் சொல்லிவிட்டால் உங்களுக்குக் கெட்ட கோபம் வரும். "போற வழியில என்ன இருக்குன்னு பாக்க வுடாம, ஊரு வந்துருச்சுன்னு எழுப்பறியே" என்பீர்கள்.

அப்போதுதான் பெரம்பலூர் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய இந்தத் தடிப் புத்தகத்தை ஆரம்பித்தோம். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன ஒரு பெண்ணின் கதை. ஊர் ஊராகப் போகிறாள், கிடைத்த வேலையைச் செய்கிறாள், வீட்டுக்குத் திரும்பலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு ஊரிலும் நினைக்கிறாள். எனக்குக் கை அரித்தது அக்கா. நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் எத்தனை முறை புத்தகத்தை எடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப வைத்திருக்கிறேன்! என் வாழ்க்கையில் ஒரு தவமுயற்சியை நான் ஒழுங்காகக் காப்பாற்றியது அந்த ஒரு தடவைதான். தவக்காலம் முடிந்த பிறகும், இந்தப் புத்தகம் முடியும்வரை பார்ப்பதில்லை என்று இருந்துவிட்டேன்.

குருத்து ஞாயிறு அன்று கோயிலிலிருந்து வந்ததும், எல்லா ஓலையையும் அத்தை வழக்கம்போல இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகினார். நீங்கள் உங்கள் ஓலையிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து, நுனியை மடித்து, கதை நின்ற இடத்தில் வைத்தீர்கள். "இவளுக்கும் ஆசீர்வாதம் வேணும்ல, தனியாப் போயிட்டிருக்கா" என்றீர்கள். அன்றிலிருந்து பக்கம் நகர நகர ஓலையும் நகர்ந்தது.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து கொஞ்ச நாளில் வயிற்று வலி என்று படுத்தீர்கள். கஷாயம் வைத்துக் கொடுத்தேன். கண் மஞ்சளாயிற்று. அரியலூரில் பார்த்தோம், திருச்சிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். நீங்கள் படுத்த அன்று மத்தியானம்கூட நாம் படித்தோம். ஆனால் என் சின்னவனுக்குக் காய்ச்சல், நான் எழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருக்கிறது, ஓலை இருக்கிறதே!

ஆஸ்பத்திரியில் ஒரு சாயங்காலம், உங்கள் வீட்டுக்காரர் பெரியவர் டீ வாங்கப் போயிருந்தார். நான் உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே கேட்டீர்கள்.

"புள்ள, அவ வூட்டுக்கு வந்துடறாளா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "யாருக்கா?"

"அந்தக் கதையில. கடைசில வந்துடறாளா? சொல்லு."

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா பாக்கல. நீங்கதான பாக்கக் கூடாதுன்னீங்க."

"நெசமாவா பாக்கல?" என்று சிரித்தீர்கள். "நல்ல நேரம் பாத்து நல்லவளாயிட்ட போ."

"வூட்டுக்கு வாங்க, படிச்சுத் தெரிஞ்சுக்கலாம்" என்றேன். முடிவைச் சொன்னாலே சண்டைக்கு வருகிற நீங்கள் முடிவைக் கேட்டீர்கள். வீட்டுக்கு வரமாட்டோம் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது, உங்களை வண்டியில் கொண்டு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியவரின் தோளில் ரீத்தா தலையைச் சாய்த்து விம்மிக்கொண்டிருந்தாள். பதினாறு வயசு மகளுக்கு அம்மா இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. 'ஒழுங்காக ஒன்றைக் காப்பாற்றினேனே, அதற்கா இந்தக் கூலி?' என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டே வந்தேன். வழக்கம்போல் நான் திருட்டுத்தனம் செய்திருந்தால் உங்களுக்கு ஒரு பதிலாவது கிடைத்திருக்கும்.

அதன் பிறகு நான் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஓலையின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மாவு எடுக்கும்போது பார்ப்பேன். பச்சையாக இருந்தது வெளிறி, காய்ந்து, பழுப்பாயிற்று. வரும் தவக்காலத்தில் நீங்கள் விட்ட இடத்திலிருந்து உங்களுக்குப் படித்துக் காட்டிவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். நீங்கள் கேட்ட ஒரே கேள்வி அது. கல்லறையில் போய்ப் படிப்பதா, அடுப்படியிலேயே படிப்பதா என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அதை நம்பித்தான் அக்கா வருஷத்தை ஓட்டினேன்.

இந்த வருஷம் சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு, பழைய குருத்தோலைகளைக் கொண்டுவந்து கோயிலில் கொடுங்கள் என்று உபதேசியார் அறிவித்தார். அதை எரித்துத்தானே சாம்பல் எடுக்கிறார்கள், வருஷா வருஷம் கொடுப்பதுதான். மறுநாள் நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். அத்தை ஒட்டடை அடித்து, படங்களைத் துடைத்து, எல்லா ஓலையையும் எடுத்துக் கட்டிக் கோயிலில் கொடுத்துவிட்டார். நான் திரும்பி வந்து மாவு டப்பாவை எடுத்தபோது புத்தகம் வாய் மூடிப் படுத்திருந்தது.

"அத்தை, இதுல ஒரு ஓலை இருந்துச்சே?"

"ஆமா, அதையும் எடுத்துக் குடுத்துட்டேன். மந்திரிச்ச ஓலைய இப்புடி கண்ட எடத்துலயா வைக்கிறது?"

நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. வாய்க்கு வந்ததை எல்லாம் பேசியிருப்பேன். செருப்புகூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினேன். கோயிலுக்குப் பின்னால் உபதேசியார் குந்தி உட்கார்ந்து, மெல்லிய துணியில் சாம்பலைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஓலைம்மா? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கொளுத்தியாச்சே" என்றார் பாவம்.

புதன்கிழமை பூசையில் நானும் வரிசையில் நின்றேன். பாதர் என் நெற்றியில் சாம்பலைப் பூசியபோது, என் பக்கத்தைக் காட்டிய ஓலை இதில் எங்கேயோ இருக்கிறது, ஊரார் நெற்றியில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மனம் திரும்பவில்லை. மனம் வெந்துதான் போயிற்று.

அதற்குப் பிறகு என் தவக்காலம் எப்படிப் போனது தெரியுமா? விடியும் முன்பே எழுந்து ரெட்டிபாளையம் பாக்டரிக்குக் காலை ஷிப்ட் போகும் பெரியவருக்கு டிபன் கட்ட வேண்டும். ரீத்தாவுக்குப் பரீட்சை, அவளை எழுப்ப வேண்டும். என் பிள்ளைகள் இரண்டையும் பஸ்ஸுக்கு விரட்ட வேண்டும். கொல்லையில் பருத்தி எடுக்கும் ஆட்களுக்குச் சோறு போக வேண்டும். அத்தைக்குச் சுகர் மாத்திரை. இரண்டு பேர் சிரித்துக்கொண்டு செய்த வேலையை ஒருத்தி செத்துச் செத்துச் செய்கிறேன். இதற்கு நடுவில் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தேடினேன். ஓலை இருந்த தடம் ஏதாவது தெரியுமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெங்காயச் சருகு ஒட்டியிருந்த பக்கங்கள் இருந்தன, மஞ்சள் பட்ட பக்கங்கள் இருந்தன, ஆனால் அவை எல்லா இடத்திலும் இருந்தன. கதை எனக்குக் குழம்பிப் போயிருந்தது. எதைக் கேட்டேன், எதைக் கேட்கவில்லை என்று தெரியவில்லை. சோறு அடி பிடித்தது. பால் பொங்கி வழிந்தது. "என்னடி தேடற, லூசு மாதிரி?" என்று உங்கள் கொழுந்தன் கத்தினார். சொன்னால் அவருக்குப் புரியாது. ஒரு புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தொலைத்துவிட்டு ஒருத்தி இப்படி அலைவாளா?

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் எல்லோரும் முழந்தாள் இடும்போது நானும் இட்டேன். எழுந்தபோது நானும் எழுந்தேன். வாய் செபம் சொன்னது, மனசு போன வருஷத்து மத்தியானத்திலேயே நின்றது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், ஒரு ஓலைக்காக மாமியாரைத் திட்டினேன், ஆண்டவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன் என்று பாதரிடம் சொன்னேன். அவர், "பேசலைன்னாலும் திட்டுறீங்கல்லம்மா, அது போதும் இப்போதைக்கு" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபின் எழுந்து போக மனமில்லாமல் கோயிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் குருத்து ஞாயிறு அன்று அத்தை தன் ஓலையைப் படத்துக்குப் பின்னால் செருகவில்லை. ஒரு கீற்றைக் கிழித்து என்னிடம் நீட்டினார். "இந்தா, பொஸ்தகத்துல வச்சுக்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சண்டைக்குப் பிறகு அத்தை என்னிடம் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. வாங்கிக்கொண்டேன். ஆனால் எங்கே வைப்பேன்? கீற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். கடைசியில் அட்டைக்கு உள்ளே வைத்து மூடினேன்.

பெரிய சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பீடத்தில் துணிகூட இருக்காது. நற்கருணைப் பேழை திறந்து கிடக்கும். ஆண்டவர் கல்லறையில் இருக்கிற நாள், யாரிடம் முறையிடுவது என்றே தெரியாது. மத்தியானம் உயிர்ப்புத் திருநாள் குழம்புக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். புத்தகத்தைத் தரையில் விரித்து, பக்கம் புரளாமல் அரிவாள்மணைக் கட்டையை மேலே வைத்துக்கொண்டு, உரித்துக்கொண்டே படித்தேன். ஏற்கெனவே பாதிக்கு மேல் வந்திருந்தேன். தேடுவதை எல்லாம் விட்டுவிட்டேன், சும்மா படித்தேன். அப்போதுதான் அக்கா, நீங்கள் படிப்பது எனக்குக் கேட்டது.

பேய், பிசாசு என்று நினைக்காதீர்கள். நான் வாய்க்குள் படிக்கிறேன், ஆனால் குரல் உங்களுடையது. சந்தையில் அந்தப் பெண்ணோடு பேரம் பேசும் கிழவிக்கு நீங்கள் மூக்கால் பேசியது கேட்டது. பெரிய பெரிய வர்ணனை வந்தால் மூச்சு விடாமல் ஓடுவீர்களே, அந்த ஓட்டம் கேட்டது. அவள் ஒரு ஊரில் மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள். யாரோ ஒரு பெண் குடைக்குள் கூப்பிடுகிறாள். அந்த இடத்தில் உங்கள் தொண்டை லேசாகக் கம்மியது. பஸ் வருகிறது. ஏறுகிறாள். அடுத்த வரி என் குரலில் வந்தது.

ரேஷன் கடைக் குரல். பேர் கூப்பிடுகிற குரல். நான் கையை நிறுத்தினேன். முந்தின வரிக்குப் போனேன், நீங்கள் படித்தீர்கள். அடுத்த வரிக்கு வந்தேன், நான்தான் படித்தேன். பத்துத் தடவை போய்ப் போய் வந்திருப்பேன். அந்த முற்றுப்புள்ளிக்கு இந்தப் பக்கம் நீங்கள் இருந்தீர்கள், அந்தப் பக்கம் யாருமே இல்லை. ஒரு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

அத்தை வந்து நின்றார். வெங்காயமா என்று கேட்கவில்லை. மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, வெங்காயத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் உரிக்கறேன். நீ படி."

"எனக்கு வராது அத்தை. அக்கா மாதிரி வராது."

"வராட்டி போவுது. சத்தமாப் படி, கேக்கட்டும்."

யாருக்குக் கேட்கட்டும் என்று அத்தை சொல்லவில்லை. அட்டைக்குள் இருந்த கீற்றை எடுத்து அந்த முற்றுப்புள்ளியின் மேல் வைத்தேன். அந்தக் கட்டைக் குரலிலேயே படிக்க ஆரம்பித்தேன். பஸ் கிளம்பியது. அடுத்த ஊர் வந்தது. இரண்டு மூன்று பக்கம் போயிருக்கும், அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏண்டி, அவ கடைசில வூட்டுக்கு வந்துடறாளா?"

அதே கேள்வி. ராத்திரி பூசைவரைக்கும் தவக்காலம்தான், கடைசிப் பக்கம் பார்ப்பதில்லை என்று இந்த வருஷமும் எடுத்த தவமுயற்சி அதுவரைக்கும் இருந்தது. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை அக்கா. வெங்காயம் உரித்த கையோடு புத்தகத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். பார்த்து, அத்தைக்குச் சொன்னேன். அத்தை அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தார். நான் நீங்கள் விட்ட இடத்துக்குப் பக்கத்தில் திரும்பி வந்து மேலே படித்தேன். தினமும் கொஞ்சம் படிக்கிறோம், இன்னும் முடியவில்லை. அத்தை நற்செய்தி முடிந்தும் எழுந்து போவதில்லை.

யாராவது கேட்டால் இனி நான் உடனே சொல்லிவிடுவேன். காத்திருங்கள், படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒன்றுதான். உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வந்துவிடுகிறாள் அக்கா. கடைசிப் பக்கத்தில், மத்தியான வெயிலில், கதவைத் தட்டக்கூட இல்லை. நேராக அடுப்படிக்கு வந்து தண்ணீர் மொண்டு குடிக்கிறாள்.